திருச்சிக்குப் போய்வரப் புள்ளி சேர்க்க எந்தக் கடன் அட்டை?

கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவருடைய மாதச் சம்பளம் 3,400 வெள்ளி (ரிங்கிட்). பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் வேலை செய்யும் மனைவிக்கு 2,600 வெள்ளி. தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டி ஓய்வுபெற்ற அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருச்சிக்குப் போய், துறையூர்ப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வருவது அவர்கள் குடும்ப வழக்கம். ஈப்போ பேரங்காடியில் மேசை போட்டிருந்த முகவர் ஒருவர், "இந்த மைல் கார்டு எடுத்தால் இரண்டே வருடத்தில் டிக்கெட் இலவசம்" என்று சொல்லிப் பயணப்பெட்டி ஒன்றையும் காட்டியிருக்கிறார். அதை எடுக்கலாமா, இல்லையென்றால் வேறு எதை எடுப்பது என்பது அவருடைய கேள்வி.

வங்கியொன்றின் அட்டைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வருமானத்துக்கும், நீங்கள் செலவு செய்யும் இடங்களுக்கும், நீங்கள் ஏறும் விமானத்துக்கும் விமான மைல் அட்டை, அதாவது செலவுக்கு ஏற்ப டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் மைல் என்ற புள்ளிகளைத் தரும் அட்டை, பொருந்தாது. ஆண்டுக் கட்டணம் இல்லாத, பெட்ரோலுக்கும் மளிகைக்கும் பணத்தைத் திருப்பித் தருகிற சாதாரண அட்டை ஒன்றை எடுத்து, அதில் மிச்சமாகும் பணத்தைப் பயணத்துக்கென்று தனியாக ஒதுக்கி வைப்பதுதான் உங்களுக்கு லாபம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்கோடு விளக்குகிறேன். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் முடிவும் மாறலாம்.

தகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி முதன்மை அட்டை எடுப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மட்டும் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20,400 வெள்ளிதான் வருகிறது என்பதால் அவருக்கு அந்தக் கதவு திறக்காது. ஆண்டு வருமானம் 36,000 வெள்ளியைத் தாண்டாதவர்கள் இரண்டு வங்கிகளின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு வங்கியும் தரும் கடன் வரம்பு மாத வருமானத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஆண்டுக்கு 40,800 வெள்ளி வருவதால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் மனைவிக்கு 31,200 வெள்ளி என்பதால் அவர் பெயரில் ஒரு வங்கி 5,200 வெள்ளிக்கு மேல் வரம்பு தராது. அதிக விகிதத்தில் மைல் கொடுக்கும் அட்டைகள் பெரும்பாலும் இதைவிட மிக உயர்ந்த வருமானக்காரர்களுக்கு உரியவை. முகவர் உங்களுக்குக் காட்டியது அந்த வரிசையின் கீழ்ப்படி அட்டையாகத்தான் இருக்க முடியும். அதில் மைல் ஊறும் வேகம் மிகக் குறைவு.

இனி உங்கள் செலவுக்கு வருவோம். மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அந்தப் பணம் எங்கே போனது என்று பென்சிலால் குறியுங்கள். நம் பட்டணத்தில் வாழும் குடும்பத்துக்கு என்ன வரும் என்பதை ஓரளவு என்னால் சொல்ல முடியும். காலைச் சந்தையில் காய்கறிக்கும் மீனுக்கும் ரொக்கம். மளிகைக்கடையில் டியூட்நவ் கியூஆர், அதாவது கைப்பேசி வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேரே கட்டுவது. மொட்டைமாடியில் நடக்கும் டியூஷனுக்கு மாதா மாதம் ரொக்கம். கோவில் உபயத்துக்கு ரொக்கம். பெட்ரோல், மின்சாரம், தண்ணீர், கைப்பேசி, காப்புறுதி ஆகியவற்றை அட்டையில் கட்டலாம். ஆனால் பல மைல் அட்டைகள் இவற்றுக்குப் புள்ளியே கொடுப்பதில்லை, அல்லது பெயருக்குக் கொஞ்சம் கொடுக்கின்றன. ஒவ்வொரு கடைக்கும் அதன் வியாபார வகையைக் குறிக்கும் நான்கிலக்க எண் ஒன்று உண்டு. அட்டையைத் தட்டியதும் வங்கியின் கணினி அந்த எண்ணைப் பார்த்துத்தான் புள்ளி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. அரசாங்கக் கட்டணம், நன்கொடை, மின்-பணப்பையில் பணம் ஏற்றுதல் ஆகியவை பெரும்பாலான அட்டைகளின் விலக்குப் பட்டியலில் இருக்கும். விண்ணப்பத்தின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பதைவிட, பின்பக்கத்து நிபந்தனைகளில் "தகுதியுள்ள செலவு" என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மாதம் 3,500 வெள்ளி செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், உண்மையில் மைல் தரும் செலவு இணையத்தில் வாங்குவதும், ஈப்போவுக்குப் போகும்போது பேரங்காடியில் வாங்குவதும், எப்போதாவது குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதும் சேர்த்து 1,000 வெள்ளி தேறினால் பெரிது. ஆண்டுக்கு 12,000 வெள்ளி. மூன்று வெள்ளிக்கு ஒரு மைல் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 4,000 மைல் கிடைக்கும். ஒரு மைலின் மதிப்பை 4 சென் என்று தாராளமாக வைத்தாலும் அது 160 வெள்ளி. இதிலிருந்து அட்டை ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரசாங்கம் விதிக்கும் 25 வெள்ளி சேவை வரியைக் கழியுங்கள். மனைவிக்குத் துணை அட்டை எடுத்தால் அதற்கும் இன்னொரு 25 வெள்ளி. ஆண்டுக் கட்டணமும் இருந்து, அதைத் தள்ளுபடி செய்ய வங்கி மறுத்துவிட்டால் கணக்கு கையைக் கடிக்கும். இப்போது அதே வீட்டுக்குப் பணம் திருப்பித் தரும் அட்டை ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். பெட்ரோலுக்கு மாதம் 450 வெள்ளி, பேரங்காடியில் 400 வெள்ளி. இரண்டுக்கும் 5 விழுக்காடு, ஆனால் ஒவ்வொரு வகைக்கும் மாதம் 15 வெள்ளிதான் உச்ச வரம்பு என்று எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இப்படிப்பட்ட வரம்பு இல்லாத அட்டையைப் பார்ப்பது அரிது. மாதம் 30 வெள்ளி, ஆண்டுக்கு 360 வெள்ளி. வரி போக 335 வெள்ளி கையில் நிற்கும். இது ரொக்கத்துக்குச் சமம். எந்த விமானத்தில் வேண்டுமானாலும், தீபாவளி நெருக்கத்தில்கூட, டிக்கெட் எடுக்க உதவும்.

விமானத்தைப் பற்றியும் முகவர் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நம்மவர்கள் ஏறுவது பெரும்பாலும் ஏர் ஏசியா, அல்லது முன்பு மலிண்டோ என்ற பெயரில் பறந்த பாத்திக் ஏர். நம் நாட்டு வங்கிகள் மைல் என்று சொல்லும்போது முதலில் குறிப்பது மலேசியா ஏர்லைன்சின் என்ரிச் திட்டத்தை. அடுத்தது சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃபிளையர். என்ரிச் புள்ளியை வைத்துக்கொண்டு ஏர் ஏசியா முகப்பில் நிற்க முடியாது. மலேசியா ஏர்லைன்ஸ் சென்னைக்குப் பறக்கிறது. ஆனால் அங்கிருந்து திருச்சிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். ரயிலிலோ காரிலோ ஐந்தாறு மணி நேரம் அம்மாவை உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும். முழங்கால் வலியோடு இருக்கும் வயதான ஒருவருக்கு அந்த இலவச டிக்கெட் எவ்வளவு இலவசம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கு ஒதுக்கப்படும் இருக்கைகளும் சொற்பம். பள்ளி விடுமுறையிலும் பண்டிகைக் காலத்திலும் அவை முதலில் மறைந்துவிடும். புள்ளியில் எடுத்த டிக்கெட்டுக்கும் விமான நிலையக் கட்டணமும் வரிகளும் கட்டித்தான் ஆக வேண்டும். 2019 செப்டம்பரிலிருந்து ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளுக்கு வெளியே சாதாரண வகுப்பில் பறப்பவருக்கு 20 வெள்ளி புறப்பாட்டு வரியும் உண்டு.

தெற்கே ஜொகூரில் குளுவாங், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்பேன். சிங்கப்பூர் அவர்களுக்குப் பக்கம். அங்கிருந்து ஸ்கூட் விமானம் நேராகத் திருச்சிக்குப் போகிறது. கிரிஸ்ஃபிளையர் மைலை ஸ்கூட்டில் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. பேராக்கில் இருக்கும் உங்களுக்கு அது சுற்றுவழி. புள்ளி சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஏர் ஏசியா புள்ளியாக மாற்றிக்கொள்ள வசதி தரும் வங்கியைத் தேடுங்கள். அந்தப் புள்ளி டிக்கெட் வாங்கும்போது விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்ளப் பயன்படும். இருக்கை ஒதுக்கீடு தேடி அலைய வேண்டியதில்லை.

மைல் அட்டை எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குப் போவதற்காக நான் வங்கிப் புள்ளியை விமானத் திட்டத்துக்கு மாற்றினேன். நம் அடையாளக் கார்டில் தந்தை பெயருக்கு முன்னால் 'அனாக் லெலாக்கி' (இன்னாரின் மகன்) என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கின்றன அல்லவா, அவை வங்கிக் கணக்கில் இருந்தன. விமானத் திட்டத்தில் நான் பதிந்த பெயரில் இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று கணினி ஏற்கவில்லை. மாற்றம் திரும்பி வந்தது. வங்கியைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார்கள், அங்கே கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் புள்ளிகள் திரும்பக் கிடைத்தன. அதற்குள் நான் பார்த்து வைத்திருந்த இருக்கை போய்விட்டது. கடைசியில் காசு கொடுத்தே டிக்கெட் எடுத்தேன். வங்கியில் வேலை பார்த்த எனக்கே இந்தக் கதி என்றால், முதல் முறை மாற்றுகிறவர் எவ்வளவு தவித்துப்போவார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். ஆகவே மைல் திட்டத்தில் சேரும் அன்றே கடப்பிதழில் இருப்பதைப் பார்த்துப் பெயரை எழுத்துப் பிசகாமல் பதியுங்கள். வங்கியில் இருக்கும் பெயரோடும் ஒப்பிடுங்கள். இருக்கை இருப்பதைப் பார்க்காமல் புள்ளியை மாற்றாதீர்கள், ஏனென்றால் ஒருமுறை போய்ச் சேர்ந்துவிட்டால் அது வங்கிக்குத் திரும்பாது. மாற்றிய பிறகு அதற்கு ஆயுள் கணக்கும் தொடங்கிவிடும். என்ரிச்சிலும் கிரிஸ்ஃபிளையரிலும் அது மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு 4,000 மைல் சேர்ப்பவருக்கு நான்காம் ஆண்டில் முதலாம் ஆண்டு மைல்கள் கரையத் தொடங்கும். வங்கிகளும் நினைத்தபோது விகிதத்தை மாற்றும் உரிமையைத் தங்கள் கையில் வைத்திருக்கின்றன. 2022 நவம்பரில் சிட்டிபேங்கின் தனிநபர் வங்கித் தொழிலை யூஓபி வாங்கியபோது, பலருடைய அட்டை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நகர்ந்தது. ஐந்தாண்டுத் திட்டம் போட்டுப் புள்ளி சேர்ப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

இதைவிட முக்கியமானது திருச்சியில் இறங்கிய பிறகு நடப்பது. வெளிநாட்டில் அட்டையைத் தட்டினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனம் 1 விழுக்காடும், உங்கள் வங்கி அதன் பங்காகச் சுமார் 1 முதல் 1.25 விழுக்காடும் எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குச் சேலை, பாத்திரம், தங்குமிடம், கார் வாடகை எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளி அட்டையில் போனால் 135 வெள்ளி வரை இப்படியே கழியும். மைல் கணக்கில் நீங்கள் ஓராண்டு முழுவதும் சேர்த்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான். எனவே வெளிநாட்டுச் செலவுக்கு வைஸ் போன்ற குறைந்த கட்டண அட்டை ஒன்றில் முன்கூட்டியே பணம் போட்டு எடுத்துச்செல்வது நல்லது. கடன் அட்டை அவசரத்துக்கு இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனமாகப் பாருங்கள். பெரிய ஜவுளிக்கடையில் பில் போட்டு அட்டையைச் செருகியதும், கடைப் பையன் இயந்திரத்தை உங்கள் பக்கம் திருப்புவான். திரையில் இரண்டு தொகை நிற்கும்: ஒன்று ரூபாயில், இன்னொன்று ரிங்கிட்டில். "உங்க ஊர்க் காசிலேயே கட்டிடுங்க சார், ஈஸி" என்று அவன் நல்லெண்ணத்தோடுதான் சொல்வான். ரிங்கிட்டைத் தொட்டால் அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். அது வழக்கமான விகிதத்தைவிடப் பல விழுக்காடு மோசமாக இருக்கலாம். எப்போதும் ரூபாயையே தொடுங்கள். புறப்படுவதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட வேண்டும், ஏனென்றால் பல வங்கிகள் அதைப் பூட்டியே வைத்திருக்கின்றன. கடன் அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதை அறவே தவிருங்கள். எடுத்த அன்றே கட்டணமும், அன்று முதலே வட்டியும் ஓடத் தொடங்கும்.

வட்டி என்ற இடத்தில் நான் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அட்டைப் பிரிவில் நான் பார்த்த கண்ணீரெல்லாம் இங்கேதான் தொடங்கியது. முந்தைய மாதத் தொகையை முழுவதும் கட்டியவருக்குத்தான், அறிக்கை வந்த நாளிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் உண்டு. ஒரு மாதம் பாக்கி வைத்தால் அந்த அவகாசம் போய்விடும். புதிதாக வாங்கும் பாலுக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டி ஏறும். நம் நாட்டில் வட்டிக்கு மூன்று படிகள் உள்ளன: தொடர்ந்து 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு, 12 மாதத்தில் 10 மாதமாவது கட்டியவருக்கு 17, மற்றவர்களுக்கு 18. பயணத்திலிருந்து 3,000 வெள்ளி பாக்கியோடு திரும்பி வந்து, 18 விழுக்காட்டில் ஒரு மாதம் வைத்திருந்தால் வட்டி 45 வெள்ளி. அந்த 3,000 வெள்ளியைச் செலவு செய்ததற்குக் கிடைத்த 1,000 மைலின் மதிப்போ 40 வெள்ளி. ஒரே மாதத்தில் புள்ளி முழுவதும் கரைந்து, மேலும் 5 வெள்ளி நம் பையிலிருந்து போகிறது. அறிக்கையின் அடியில் 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி கட்டினால் போதும் என்று இருக்கும். அதில் 45 வட்டிக்குப் போக, 105 வெள்ளிதான் கடனைக் குறைக்கும். தேதி தவறினால் பாக்கியில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, எது அதிகமோ அது, 100 வெள்ளி உச்ச வரம்புக்கு உட்பட்டுத் தாமதக் கட்டணமாகச் சேரும். எல்லோருடைய கடன் விவரமும் இருக்கும் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் பதிவில் கடந்த 12 மாதக் கட்டணப் பழக்கம் தெரியும் என்பதால், நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். ஏற்கனவே ஓர் அட்டையில் பாக்கி இருந்தால் புதிய அட்டை எதுவும் வேண்டாம்; அதை முதலில் அடையுங்கள். சமாளிக்க முடியாத நிலையில் இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஏகேபிகேவை அணுகலாம். 2006இல் தொடங்கப்பட்ட அந்தக் கடன் ஆலோசனை அமைப்பு ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

உங்கள் அம்மா இந்த அட்டையைக் கண்டாலே பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கிய தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள். கையில் இருப்பதை மட்டுமே செலவு செய்யும் அந்தப் பழக்கத்தை அட்டை வந்த பிறகும் விடாதவருக்குத்தான் அட்டையால் நன்மை.

அட்டையோடு வரும் இலவசப் பயணக் காப்புறுதியை நம்பி அம்மாவை அழைத்துச் செல்லாதீர்கள். டிக்கெட்டின் முழு விலையையும் அதே அட்டையில் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். பாதுகாப்பும் பொதுவாக விபத்துக்கும் விமானத் தாமதத்துக்கும்தான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் திருச்சியில் மருத்துவமனையில் சேர்ந்தால் அது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. அவருக்குத் தனியாக மருத்துவப் பாதுகாப்புள்ள காப்புறுதி எடுங்கள். வாங்கும்போதே நோயை மறைக்காமல் சொல்லி, அதற்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலைய ஓய்வறை வசதியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் உட்காருவதற்காக ஆண்டுக் கட்டணம் கட்டுவது வீண். பயணப்பெட்டியும் அப்படித்தான்: குறிப்பிட்ட நாட்களுக்குள் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்தால்தான் அது வீட்டுக்கு வரும், அந்தத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாததை வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பிக்கும்போது உங்கள் பெயரில் ஓர் அட்டை மட்டும் போதும். ஆண்டுக் கட்டணம் என்றுமே இல்லையா, முதல் ஆண்டுக்கு மட்டும்தான் இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். பணம் திருப்பித் தருவதற்கு மாதம் எவ்வளவு குறைந்தபட்சச் செலவு வேண்டும் என்பதையும் கேளுங்கள். அது உங்கள் இயல்பான செலவைவிட அதிகமாக இருந்தால் அந்த அட்டையை விட்டுவிடுங்கள். சம்பளம் 28ஆம் தேதி வருகிறதென்றால், கட்டவேண்டிய கடைசி நாள் மாதத்தின் முதல் வாரத்தில் விழும்படி அறிக்கைத் தேதியை மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேட்டுப் பாருங்கள். பிறகு முழுத் தொகையும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்யுங்கள். படிவத்தில் "முழுத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; முகவர் உங்களுக்காக நிரப்பிக் கொடுத்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்தக் கட்டத்தில் குறி விழுந்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.